பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டேன். முன்னே நடந்ததைப் பின்னேயும், பின்னே நடந்ததை முன்னேயும் எழுதிவிடுவேன், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அன்றைக்கு என் அக்காவுக்கு இடுப்பெலும்பு ஆப்பரேஷன். "உன்னைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று போனில் அழுதாள். மருமகன் காரில் கிளம்பினோம். அவர் கடலைமிட்டாய்ப் பெட்டிகளைக் கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுகிற வண்டி அது. கண்ணாடியை ஏற்றினால் உள்ளே வெல்லப்பாகு வாசம் அடிக்கும். முன்னால் அவரும் என் மகளும். பின்னால் இடதுபக்கம் நான்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் மாமியார் மருமகனிடம் நேரே பேசுவதில்லை. இப்போதுள்ளவர்கள் பேசுகிறார்கள், எனக்கு வரவில்லை. எதுவானாலும் மகளிடம் சொல்வேன். அவரும் மகளிடம்தான் கேட்பார்.

கோவில்பட்டி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், இரண்டு சீட்டுக்கும் நடுவே பார்த்தபோது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிற மீட்டர் கண்ணாடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பூஜையன்று என் மகள் அந்தக் கண்ணாடியில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். காய்ந்து வறட்டி மாதிரி ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில்தான் அந்தச் சிவப்பு. நேரே உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குப் பொட்டு மறைத்தது. சாய்வாக உட்கார்ந்த எனக்குத் தெரிந்தது.

"ஏட்டி, அவியகிட்டச் சொல்லு. அங்கன ஏதோ செவப்பா எரியுது."

"அது நான் வச்ச குங்குமம்மா. வெயிலுக்கு மினுங்குது. சும்மா வா."

"அத்தை என்ன சொல்லுதாவ?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. உங்க வண்டிப் பொட்டு மினுங்குதாம்."

"அடுத்த பூசைக்கு அத்தையவே வைக்கச் சொல்லு. நல்லா மினுங்கட்டும்" என்று சிரித்தார்.

குங்குமம் எங்கேயாவது எரியுமா? எனக்கு ஆத்திரமாக வந்தது. மறுபடி மகள் தோளைத் தட்டினேன். அவள் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டே கையை ஆட்டி என்னை அமர்த்தினாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மழை காணாத கரிசல், வெடித்துக் கிடந்தது. நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிறுத்தினால் அக்காவைப் பார்க்க முடியாது. நிறுத்தாவிட்டால் என்ன ஆகுமோ தெரியாது. வண்டி தெரிந்தவர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

கயத்தாறு தாண்டி, கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் நிற்கிற இடத்தில், வண்டி 'டக டக'வென்று தட்ட ஆரம்பித்தது. அவர் ஓரங்கட்டி, பொட்டை நகத்தால் சுரண்டினார். உள்ளே எண்ணெய்ச் செம்பு மாதிரி ஒரு படம், சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அய்யோ, ஆயில் லைட்டு!" என்று இஞ்சினை அணைத்தார். "எப்ப இருந்து எரியுது?"

மகள் என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, நீ வாயைத் தொறந்து பலமாச் சொல்லக்கூடாதா?"

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

பானெட்டைத் திறந்து ஆயில் அளக்கிற கம்பியை உருவினார். ஒரு சொட்டு ஆயில் இல்லாமல், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்குக்குப் போன் போட்டார். அந்த ஆள் கத்தியது எனக்கே கேட்டது: "அண்ணாச்சி, சாவியைத் தொடாதீய! ஓட்டுனா இஞ்சின் இறுகிப் பிடிச்சிரும். நான் வேற வண்டி கொண்டாந்து கட்டி இழுத்துட்டுப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நிற்கிறேன். ஆனாலும் மகளிடம், "மெதுவா உருட்டிட்டுப் போயிருவமான்னு உங்கம்மாகிட்டக் கேளு. பெரியம்மா காத்துக்கிட்டு இருப்பாவ" என்றார்.

அவள் திரும்பி, "அம்மா, மெதுவா உருட்டிட்டு" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன். "வண்டி போச்சுன்னா உங்க பிழைப்பு போச்சு. எங்களை பஸ்ஸுல ஏத்திவிடுங்க."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் என்னிடமே, "சரி அத்தை" என்று துண்டை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனார்.

நாலுவழிச் சாலையில் எந்த பஸ் நிற்கும்? அவர் துண்டை வீச வீச, பஸ்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. வெயிலில் நின்று நின்று கால் மரத்துப்போனது. கடைசியில் ஒரு டிரைவர் இரக்கப்பட்டார். நானும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்காவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

சாயங்காலம் வார்டில் கண்ணைத் திறந்தாள். நல்லபடியாக முடிந்திருந்தது. "எங்கன போய்த் தொலைஞ்ச? வாசலையே பாத்துக்கிட்டுப் போனேன்" என்று ஏசினாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி பிழைத்தது. இப்போது பொட்டை மீட்டரில் வைப்பதில்லை, பானெட்டில்தான். மருமகன் வண்டியை எடுக்குமுன், "அத்தை, ஏதும் எரியுதா?" என்று என்னிடமே கேட்கிறார். கேலிதான். ஆனாலும் எட்டிப் பார்த்துத்தான், "இல்லை" என்கிறேன்.

அந்தப் படம் செம்பு மாதிரி இருந்ததா, மூக்கு வைத்த கெண்டி மாதிரியா, இப்போது சரியாக நினைவில்லை. ஆயில் எங்கே ஒழுகியது என்று மெக்கானிக் சொன்னதும் எனக்கு விளங்கவில்லை. வண்டி தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்து, தப்பாக இருக்கிற இடத்தைத் திருத்திக் கொடுங்கள்.