நான்காவது வியாழக்கிழமை

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கால் பவர் வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அவளிடம் இரண்டே பவர்தான்: ஒன்று தெய்வம், இன்னொன்று துரோகி. முப்பத்தாறு வயதுக்குள் பதினோரு உயிர்த்தோழிகள். பதினோரு பேரும் இப்போது அவளைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

இதற்கு அக்கா வைத்த பெயர் திமிர். விட்டுப்போன கணவன் வைத்தது நடிப்பு. முன்கையில் அவளே கீறிக்கொண்ட தழும்பு வரிவரியாக ஏறிய பிறகுதான் மருத்துவமனை முறைப்படி எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்று பெயர் சூட்டியது.

செவ்வாய்க்கிழமை மனநல டாக்டரோடு தனியாகச் சிகிச்சை. வியாழக்கிழமை எட்டுப் பேர் வட்டமாக. கோபம் வந்தால் கொஞ்ச நேரம் தள்ளிப்போட வேண்டும் என்பது குழுவில் முதல் பாடம். பஸ் கண்டக்டர் ஒருவர் அதைச் சிரத்தையாகச் செய்து பார்த்தார்.

"அஞ்சு ஸ்டாப் தள்ளிப்போட்டேன் டாக்டர். ஆறாவது ஸ்டாப்புல ஆளை இறக்கி விட்டுட்டேன்."

அவள் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஏழு மாதமாகக் கையில் புதுத் தழும்பு இல்லை. குழு வட்டத்தில் தனக்குள்ள அந்த நாற்காலிதான் தன்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று அக்காவிடம் ஒருமுறை சொன்னாள். சொன்னதற்காக இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. தொடர்ந்து நான்கு வாரம் வராதவருக்குக் குழுவும் கிடையாது, டாக்டரும் கிடையாது. ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

டாக்டர் மகளின் பிரசவத்துக்காக இரண்டு வாரம் விடுப்பில் போனார். தெய்வத்துக்கு மகள் இருப்பதே பெரும் துரோகம். வேறொரு டாக்டர் நடத்திய அந்த இரண்டு வியாழனும் அவள் போகவில்லை. டாக்டர் திரும்பி வந்த வாரமும் போகவில்லை. அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்பது எண்ணம்.

டாக்டர் போன் செய்தார். "இந்த வியாழக்கிழமை வரலைன்னா இடம் போயிடும். தெரியும்ல?"

"போகட்டும்."

"போகக் கூடாதுன்னுதான் கூப்பிடறேன்."

அவளுக்கு உள்ளூர ஒரே குளிர்ச்சி. ஆனால் உடனே காட்டிக்கொள்வது அவள் கொள்கைக்கு விரோதம்.

வியாழனன்று கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லி, துணிக்கு இஸ்திரி போட்டு, கால் மணி நேரம் முன்னதாகவே போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். வந்தாயிற்று, இனி யாராவது வெளியே வந்து கூப்பிடுவதுதான் பாக்கி. யாரும் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து எழுந்து, கதவின் மங்கல் கண்ணாடிக்கு முன்னால் நின்று கைப்பிடியில் கை வைத்தாள்.

உள்ளே கண்டக்டரின் குரல்: "வெளிய நிக்கிறது நம்ம கண்ணாடிக்காரம்மா மாதிரி இருக்கு. கூப்பிடட்டுமா டாக்டர்?"

பிறகு டாக்டரின் குரல்:

"கதவு சும்மா சாத்தித்தான் இருக்கு. அவங்களே வரட்டும்."

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. இன்று கூப்பிட்டால் அடுத்த வாரமும் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப் போனவர்கள்தான் அந்தப் பதினோரு பேர். அன்று பாடம் நடத்தியபடியே டாக்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த நிழல் சற்றுச் சின்னதாகி, பிறகு இல்லாமல் போனது. எல்லோரும் விதிப்படி நடந்துகொண்ட அருமையான ஒரு மணி நேரம் அது.

மறுநாள் அக்காதான் டாக்டரைப் போனில் பிடித்துச் சண்டை போட்டாள். "வாசல் வரைக்கும் வந்தவளை இப்படியாங்க விடுவீங்க? திமிர் பிடிச்சவதான், எனக்குத் தெரியாதா. ஆனா வந்தாளே."

டாக்டர் விதியைத் திரும்பச் சொன்னார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு தங்கையிடம் திரும்பினாள்.

"ஒரு வருஷம் ஆகுமாம்டி."

அவள் சட்டையின் முழுக்கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"என் நாற்காலியில யாரை உட்கார வைக்கப் போறாங்கன்னு கேளு."

அக்கா அதைக் கேட்காமல், போனைக் காதில் வைத்தபடி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.