பதிவேட்டில் இல்லாத கௌசர் மிஸ்

கௌசரை எனக்கு ஆண்டுக்கு ஒருநாள்தான் தெரியும். தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் நடக்கும் சின்ன ஆரம்பப் பள்ளிக்கு ஆய்வு அதிகாரி வருகிற நாளில், நான் போய் அவளுடைய நாற்காலியில் உட்காருவேன். அன்றைக்கு அவள் ஆயா.

அங்கீகாரம் வேண்டுமென்றால் வகுப்புக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்த என்னைப் போன்றவர்கள் பள்ளி தரும் சம்பளத்துக்கு வருவதில்லை. நான் வண்ணாரப்பேட்டைத் துணிக்கடையில் நைட்டி மடிக்கிறேன். அங்கே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. என் சான்றிதழின் நகல் மட்டும் பள்ளிக் கோப்பில் வேலை பார்க்கிறது: கார்குழலி, மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒன்பது வருடமாக அந்த வகுப்பை நடத்துகிற கௌசர் வெறும் பி.எஸ்சி. கணிதம், அதனால் காகிதத்தில் ஆயா. வெட்கமாக இல்லையா என்றால், இருக்கிறது. ஆனாலும் போவேன்.

இந்த வருடம் கௌசருக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்தது. வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கென்று தபால்வழிப் பயிற்சிப் படிப்பு ஒன்று. முடித்துவிட்டால் இனி யார் முன்னாலும் துடைப்பத்தோடு நிற்க வேண்டாம். சேருவதற்கு, இவர் எங்கள் ஆசிரியர் என்று பள்ளி கடிதம் தர வேண்டும். ஆய்வுக்கு மறுநாள்தான் கடைசி நாள்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா, உன்னையும் டீச்சர்னு சேர்த்து லெட்டர் தர்றேன்" என்று தாளாளர் ஜெபசிங் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதிகாரி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கரும்பலகையில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டேன். முதல் வரிசையிலிருந்த எழில்மொழி எழுந்து, வாசலில் பக்கெட்டோடு நின்ற கௌசரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆயாம்மா, இந்த மிஸ் தப்பா போட்ருச்சு!"

ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் ஆயாம்மா என்றுதான் கூப்பிட்டது குழந்தை. கௌசர் தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி சிரித்தார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என்னைப் போல எத்தனை கார்குழலிகளைப் பார்த்திருப்பார். போகும்போது பார்வையாளர் குறிப்பேட்டில் தம் கைப்பட ஒரு பாராட்டு எழுதினார்: 'ஆயா கௌசர் குழந்தைகளிடம் காட்டும் அன்பு போற்றத்தக்கது.' ஆசிரியர்களின் வருகைப் பதிவேடு நாளை அலுவலகத்துக்கு வரவேண்டும் என்றும் சொன்னார்.

அவர் தலை மறைந்ததும் கௌசர் கடிதத்தைக் கேட்டாள். ஜெபசிங் அந்தப் பாராட்டைக் காட்டினார்.

"அவரே ஆயான்னு எழுதிட்டாரும்மா. நான் டீச்சர்னு லெட்டர் குடுத்தா மாட்டிக்குவோம். ஸ்கூலை இழுத்து மூடிடுவாங்க. நூத்திப்பத்துப் புள்ளைங்க எங்கம்மா போகும்?"

அவரும் புலிவாலைப் பிடித்தவர்தான். பொய் சொல்கிறார் என்றுகூடத் திட்ட முடியவில்லை.

"அப்போ ஒம்போது வருசமா நான் இங்க இன்னாதான் சார் பண்ணிக்கினு இருந்தேன்?" என்றாள் கௌசர். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லுக்கா" என்றாள்.

நான் வாய் திறந்தால் முதலில் மாட்டுவது நான். என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

பதிவேட்டில் ஜூன் முதல் என் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. ஜெபசிங் பேனாவை நீட்டினார். கௌசர் வேலை பார்த்த ஒவ்வொரு நாளுக்கும் நான் கையெழுத்துப் போட்டேன். ஜூன் முடிந்தது, ஜூலை முடிந்தது. கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேசை அதிர்ந்து கையெழுத்து கோணிற்று. அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் பதினொன்றுக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுல போடாதக்கா. அன்னிக்கு எங்கம்மா மௌத்தா போச்சு, அடக்கம் பண்ணோம். நான் வர்ல. லீவு போடு."

என் பெயருக்கு நேரே விடுப்பு என்று எழுதினேன்.