தீ மணியும் அம்மாவின் விசாவும்

நான் அடிக்காத மணிக்கு எனக்காக அப்பா குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதுவும் யாரும் கேட்பதற்கு முன்பே.

எண்பதுகளின் கடைசி. டென்மார்க்கில் ஹோர்சன்ஸ் நகரில் நானும் அப்பாவும் மட்டும். அம்மாவும் தம்பியும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அப்பா கொடுத்த விண்ணப்பத்துக்கு ஓம் என்றும் பதில் இல்லை, மாட்டோம் என்றும் பதில் இல்லை. அந்த நேரம் பார்த்து என் பள்ளியில் யாரோ விளையாட்டுக் குழப்படியாகத் தீ மணியை அடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடமே வெளியே வந்து மழையில் நின்றது. மணிக்குக் கிட்ட நின்ற கறுத்த தலை என்னுடையது மட்டும்தான்.

பள்ளி அதிபர் அப்பாவை வரச் சொன்னார். என் மேல் ஒரு முறைப்பாடு எழுதினால் அது நேரே தலைநகர் கொப்பன்ஹேகனுக்குப் போய் அம்மாவின் விசாவைக் கெடுத்துவிடும் என்று அப்பா நம்பினார். இறைச்சித் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே? குற்றவாளிதான் மொழிபெயர்ப்பாளர்.

"பிழைதான் சேர். கண் ரெண்டையும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ."

ஊரில் எந்தத் தகப்பனும் வாத்தியாரிடம் மரியாதைக்குச் சொல்வதுதான். நான் ஒரு சொல்லும் விடாமல் டேனிஷில் சொன்னேன். அதிபரின் கோப்பிக் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. வீட்டில் அடிப்பீர்களா என்று கேட்டார்.

"எங்க சேர் நேரம்? ரெண்டு வேலையெல்லோ," என்றார் அப்பா, வெட்கத்தோடு. கடவுளே, அதையும் அப்படியே சொன்னேன்!

இந்த நாட்டுப் பள்ளியில் பிள்ளையை அடிக்கவும் முடியாது, கேட்காமல் தண்டிக்கவும் முடியாது, செய்தால் பள்ளிதான் சட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்று அதிபர் விளக்கினார். பிறகு, என்ன நடந்தது என்று என்னையே கேட்டார். ஒப்புக்கொள் என்பதுபோல அப்பா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் அடிக்கவில்லை என்றேன். அடித்ததைக் கண்டவர் யாருமில்லை. விஷயம் அதோடு முடிந்தது. "உன்ஸ்கில்," என்றார் அதிபர் என்னிடம். மன்னித்துவிடு என்று அர்த்தம். அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே டேனிஷ் வார்த்தை அது. அதிபர் வாயிலிருந்து அதைக் கேட்டதும் பதறி எழும்பி நின்றுவிட்டார்.

என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் திரும்பினார். பிறகு மெல்ல, "உன்னட்டயாவது கேட்டவங்கள். அம்மாட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே," என்றார்.

பின்னால் இருந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா என்ன குழப்படி செய்தவா, அப்பா?"

அப்பா சைக்கிளை இன்னும் வேகமாக மிதித்தார். வெளியில் சொல்ல முடியாத அளவுக்குப் பெரிய குழப்படியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.