இரண்டாவது டம்ளர் மோர்

அன்வர் பாஷா சார் இறந்த செய்தி எங்கள் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிருஷ்ணகிரி வீட்டில், காலைத் தொழுகை முடித்து எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். சற்று நேரத்தில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. "ஏழைகளின் விளக்கு அணைந்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரை வேலையை விட்டு அனுப்பிய அதிகாரிதான் அந்த ஒருவர். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் என் பக்கம் மைக் வரவில்லை.

மாங்கூழ் ஆலையில் லாரி வரவு எழுதிக்கொண்டிருந்தவர், எங்கள் கடன் நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, ஓசூர் கிளை மேலாளராகி, மண்டலத் தலைவர் வரை போனார். பெரிய படிப்பு கிடையாது. வாய்தான் அவர் படிப்பு. ஷிப்ட் விடும் நேரத்தில் தொழிற்சாலை வாசல் டீக்கடையில் நிற்பார். தெலுங்குக்காரரிடம் தெலுங்கு, கன்னடக்காரரிடம் கன்னடம். டீ ஆறுவதற்குள் லோடு ஆட்டோவுக்குக் கடன் வாங்க ஒரு ஆள் தயாராகிவிடுவார். எங்களிடம் சொல்வார்: "கடன் கேக்கறவன் மொகத்தப் பாக்காதம்மா. அவன் பொண்டாட்டி மொகத்தப் பாரு. கட்டப் போறது அவதான்." நாங்கள் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தோம்.

அது நகைச்சுவை இல்லை என்பது அஞ்செட்டியில் தெரிந்தது. அந்தப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீனாகக் குழு சேர்ந்து கடன் வாங்கியிருந்தார்கள். மாதம்மா என்பவர் மட்டும் தவணை கட்டவில்லை. நானும் சாரும் போனோம். குழுவில் இருந்த மற்றப் பெண்களையெல்லாம் வரவழைத்து மாதம்மா வீட்டு வாசலில் உட்கார வைத்தார் சார். மாதம்மா கட்டும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்றார். குரல் உயரவே இல்லை. கன்னடத்தில் மோர் கேட்டார். மாதம்மா கொண்டுவந்து கொடுத்தார்.

"ராகி அறுத்ததும் கட்டிடறங்க சார். மாடு வேற செத்துப்போச்சுங்க."

"அடடா, மாடு போச்சா" என்று உண்மையாகவே வருத்தப்படுபவர் போலத் தலையை ஆட்டினார். "மோர் அமிர்தமா இருக்கும்மா. இன்னொரு டம்ளர் குடும்மா."

வெயில் ஏறியது. உட்கார்ந்திருந்த பெண்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஒருத்தி, "ஒன்னால எங்க பொழப்புங் கெட்டுச்சே" என்று மாதம்மாவைப் பார்த்துக் கத்தினாள். நேற்றுவரை ஒன்றாகக் களை எடுத்தவள். "விட்டுடலாம் சார்" என்றேன். அவர் மாதம்மாவிடம், "இந்தப் பொண்ணு புதுசும்மா, ஒண்ணும் நெனச்சிக்காதீங்க" என்றார். மாதம்மா யாரையும் பார்க்காமல் காதுத் தோட்டைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக்காரி அதை அடகு வைத்துவர பஸ் ஏறினாள். அவள் திரும்பும்வரை இரண்டாவது டம்ளர் மோரை ஒவ்வொரு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார் சார்.

திரும்பும்போது காரில் சொன்னார்: "கத்தினமா? திட்டினமா? மரியாதையா நடந்துக்கணும்மா. அதான் தொழிலு."

கார்க் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு வாந்தி வருகிறதென்று அவர் நினைத்து ஒரு புளிப்பு மிட்டாய் கொடுத்தார்.

அதன்பின் பெங்களூரு ஓட்டலில் சிறந்த மண்டலம் என்று அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மலைப்பெண்களின் நாணயத்தைப் புகழ்ந்து பேசினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் வேலையை விட்டுவிட்டு ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன்.

சில வருடங்கள் கழித்து அவரையும் வெளியே அனுப்பினார்கள். புதிதாக வந்த இளம் அதிகாரி அறைக்குக் கூப்பிட்டு, சேவையைப் பாராட்டி, லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டாராம். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் பார்த்தபோது சொன்னார்: "ஒரு வார்த்த கடுசா பேசல, தெரியுமா? டீ குடுத்தாங்க, பிஸ்கட்டு குடுத்தாங்க. முடிச்சிட்டாங்க."

"அஞ்செட்டி ஞாபகம் வந்துச்சா சார்?" என்றேன்.

"அஞ்செட்டியில என்னாம்மா?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்திருந்தார். 

இரங்கல் கூட்டத்தை ஓசூரில் நிறுவனமே நடத்தியது. பேனரில் அவர் முகத்தைவிட நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருந்தது. துரத்திய அதிகாரி தழுதழுத்தார். கீழே இறங்கியதும் பப்ஸ் சூடாக இல்லை என்று கடிந்துகொண்டார். நீங்களும் பேசினீர்கள், அவர் விளக்கேற்றிய வீடுகளைப் பற்றி. அந்த வீடுகளில் எதற்காவது நீங்கள் மறுபடி போனதுண்டா?

சாரின் மகள் நஸ்ரின் என்னை ஓரமாக அழைத்தாள். "இவங்க சொல்றதெல்லாம் நெசமா ஆன்ட்டி? அத்தா வீட்ல வேலையப் பத்திப் பேசவே மாட்டாரு."

அப்பாவை இழந்த பெண்ணிடம் பொய் சொல்லிவிடலாம்தான். மேடையில் சொன்ன பொய்களே போதாதா என்று தோன்றியது. மாதம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவள் அழவில்லை. கண்ணைத் தாழ்த்தாமல் கேட்டாள். "வேற ஏதாச்சும் இருக்கா ஆன்ட்டி?" என்றாள்.

இருந்தது. நான் சாரிடம் வேலை பார்த்த காலத்தில், என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று ஆம்புலன்ஸ் தாமதமானது. சார்தான் தன் புதுக்காரில் ஏற்றிப் போனார். சூளகிரி தாண்டியதும் அப்பா இருக்கை முழுக்க வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்துவிட்டுத் துடைக்கலாம் என்று நான் வெளியே வந்தேன். டிரைவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சார் தானே வாளித் தண்ணீரில் துணியை அலசித் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் துளி அருவருப்பு இல்லை. "நீ உள்ள போம்மா. அப்பா ஒன்னத் தேடுவாரு" என்றார்.

இதைக் கேட்டதும்தான் நஸ்ரின் அழுதாள்.

ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய என்னால் முடியவில்லை. அவளிடமும் அப்படியே சொன்னேன். அந்த ஈரத்துணியைப் பிழிந்த கைகளை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மிச்சமுள்ள அன்வர் பாஷாவை, பேனர் அடித்தவர்களே எடுத்துக்கொள்ளட்டும். அவரை அப்படி ஆக்கியவர்களும் அவர்கள்தான்.