சுவரில் பதினொரு கோடு

விஜயநகர் சைட்டில் எங்களோடு வேலை செய்யும் கொத்தனார் ஆறுமுகசாமி, மறுநாள் முதல் தடவையாக மூத்திர டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் பேர் பதிந்தபோதே, பகலில் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகிறார் என்று எண்ணி வரச் சொல்லியிருந்தார்கள். எழுதத் தெரியாதவர், சிமெண்ட் மூட்டைக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் மேஸ்திரி நஞ்சுண்டசாமி அதைப் பார்த்துக் கத்தினார். "பதினோரு மூட்டையா? பூசுனது இத்துனூண்டு சுவரு. மிச்சத்த எங்கய்யா வித்த?"

திருடன் என்று பேர் வாங்குவதைவிடச் சொல்லித் தொலைப்பதே மேல் என்று ஆறுமுகசாமி நினைத்தார் போல. "மூட்டை இல்லீங்க. நான் ஒண்ணுக்குப் போனதுங்க."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் கலவையை அள்ளிக் கோடுகளை மூடிப் பூசினார்.

மறுநாள் காலை அவர் சைட்டைத் தாண்டிப் பஸ்ஸுக்கு நடந்தபோது சித்தாள் தேவம்மா கூவினாள். "அண்ணா, பதினொண்ணு! மறந்துறாதீங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.