நட்சத்திரம் போட்ட வரிகள்

குடிநீர் நிலையத்தில் கம்ப்யூட்டரம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட், அவள் கணவருக்கு இரவு ஷிஃப்ட். நீர்மட்டம் பதிந்த ஃபைலைப் படித்து அறிக்கை தரும் புரோகிராம் அவள் எழுதியது. நட்சத்திரக்குறி போட்ட வரியை மட்டும் அது படிக்காமல் தாண்டிவிடும். ஒருவர் ஷிஃப்டில் மற்றவருக்கு எழுதிவைத்த அந்த வரிகளில்தான் இருபது வருடம் குடும்பம் நடந்தது.

"* குழந்தைக்கு ஜுரம் விட்டுடுச்சு."

"* சாவியை ஏன் எடுத்துட்டுப் போனீங்க?"

ஓய்வுபெற்று இருவரும் வீட்டோடு ஆனபின், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் அவர் நாளெல்லாம் பேப்பருக்குள்ளேயே கிடந்தார். ஒருநாள் மனசு கேட்காமல், ஞாபகத்துக்காக வீட்டுக் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைத்திருந்த அந்த ஃபைலைத் திறந்தாள். பழைய வரிகளைப் படித்துச் சிரித்துக்கொண்டே கடைசிக்கு வந்தால், நேற்றைய தேதியில் அவருடைய புது வரி ஒன்று.

"* உன்கூடச் சண்டை போட்டு ரொம்ப நாளாச்சு."

அதற்குக் கீழே அவள் தட்டினாள்:

"* யாரால?"