விட்டுப்போன பொருட்கள்

கன்னம் தரையில் பட குப்புறப் படுத்து, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கிறார் சாவி அக்கா. விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, கண்ணாடி துடைத்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் இதுதான் கடைசி வேலை. இன்று ஒற்றைக் காலுறையும் ஒரு சார்ஜரும் கிடைத்தன. அவற்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, மேலே வீட்டு எண்ணும் தேதியும் எழுதுகிறார். விட்டுப்போனவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டுமே.

"ஊர் சுத்த வர்றவங்க எதையாவது விட்டுட்டுத்தான் போவாங்க. பல்செட்டையே விட்டுட்டுப் போன ஆளு உண்டு. அன்னைக்கு மத்தியானம் என்னத்தைக் கடிச்சாரோ, பாவம்!"

எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடுகள். அவற்றில் பதினொன்று இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. பதினொன்றின் சாவியும் அக்காவின் இடுப்பில். உரிமையாளர்கள் 'அலை', 'நீலம்' என்று கதவுகளில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அக்காவுக்கு அவை இன்னமும் டீச்சர் வீடு, டெய்லர் வீடு. டீச்சர் வீட்டுக் குளியலறைக் கதவைச் சற்றுத் தூக்கித்தான் மூட வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டும் வேலை எனக்கு. "கதவுமேல கோவப்படாதீங்க, லேசா தூக்குங்கன்னு எழுதும்மா" என்பார்.

இதே அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில், நாள் வாடகையை எதிர்க்கும் தெருக்காரர்களோடு சேர்ந்து, 'வீடு குடியிருக்கத்தான்' என்ற அட்டையோடு தெருமுனையில் நிற்பார். பழக்கடைக்காரர் சும்மா விடுவதில்லை.

"நேத்து அட்டை, இன்னைக்குத் துடைப்பமா? ஏதாவது ஒரு பக்கம் நில்லுக்கா."

"நீ மட்டும் என்ன தம்பி? என் பக்கத்துல நின்னு தொண்டை கிழிய கத்திட்டு, பெட்டியை உருட்டிக்கிட்டு ஒருத்தன் வந்ததும் ஓடிப்போய் பழத்தை நறுக்கினியே!"

கடைக்காரர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தராசைத் துடைக்க ஆரம்பித்தார். மாடிப்படி ஏறும்போது அக்காவின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"டீச்சர் காலி பண்ணினப்ப நான்தான் போய்ப் பெருக்கினேன். பளிச்சுன்னு ஆக்கிக் குடுத்தேன். அதை போட்டோ எடுத்து நெட்ல போட்டாங்க. அதைப் பாத்துட்டுத்தான் டெய்லர் வீட்டு ஓனரும் அவரைக் கிளம்பச் சொன்னாரு. கொஞ்சம் அழுக்கா விட்டிருக்கலாம்மா."

போன மாதம் காலி செய்யும் முறை அக்காவுக்கே வந்தது. மூன்றாம் மாடியில் பதினான்கு வருடம் இருந்த வீடு. பிறந்த மகளை அங்கேதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உரிமையாளர் போனில் மரியாதையாகத்தான் பேசினார்: "நீங்க இருந்த வீடு, இண்டு இடுக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும். சுத்தம் பண்ற வேலையை உங்களுக்கே குடுத்துடறேன். சாமான் எடுத்ததும் கொஞ்சம் ரெடி பண்ணிடுங்க, அன்னைக்கே போட்டோ எடுக்க வருவாங்க."

"சரிங்க" என்றார் அக்கா. போனை வைத்த பிறகு, "வேற என்னத்தைச் சொல்ல?" என்று என்னைக் கேட்டார். கிடைத்த வீடு இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். ஒன்பதாவது படிக்கும் மகள் இனி விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை சாமான் வண்டியில் கணவரும் மகளும் போனார்கள். அக்கா வாளியோடு மேலே ஏறினார். நானும் போனேன்.

"அழுக்காவே விடப்போறீங்களா அக்கா?"

"அப்படித்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன்."

பத்து நிமிடம் ஜன்னலருகே நின்றார். பிறகு அதன் கம்பியில் ஒரு விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். ஈரத்துணியை எடுத்தார். ஒரு மணி நேரத்தில் அடுப்படி மேடை மின்னியது. சுவரில் காலண்டர் தொங்கிய இடத்துக் கறைகூடப் போய்விட்டது.

"கை கேக்க மாட்டேங்குதும்மா" என்றார், என்னைப் பார்க்காமல்.

கட்டில் வண்டியோடு போய்விட்டது. ஆனாலும் குப்புறப் படுத்து, சுவர் அலமாரிக்கு அடியில் டார்ச் அடித்தார். கையை நீட்டித் துழாவி எடுத்தது ஒரு ஊதா நிற ஹேர் கிளிப். மகள் ஒன்றாவது படித்தபோது தொலைத்துவிட்டு அழுத கிளிப்.

தூசியை ஊதினார். முந்தானையில் துடைத்தார். இடுப்புப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள் கிளிப்பைப் போட்டு ஒட்டினார். பிறகு பேனாவைத் திறந்து, கவரின் மேல் வீட்டு எண்ணை எழுதி, தேதியும் போட்டார்.